பழைய காருக்கு நாமே பெயிண்ட் அடிக்கலாமா?

கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு என்னோடு வரும் நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு துணிப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே எட்டு ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாக்கள். அவருடைய பதினெட்டு வயதுக் காரில் கதவடியிலும் சக்கர வளைவிலும் துரு கொப்பளித்து நிற்கிறது. கடையில் கேட்ட தொகை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை.

"யூடியூப்ல பாத்தேன் அண்ணாச்சி. ரெண்டு நாள் வேலைதான். உங்க மாருதிய நீங்களேதான பாத்தீங்க? எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

"நான் பெயிண்ட் அடிக்கலியே" என்றேன். அவர் நம்பவில்லை. தொழில் ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நடந்துகொண்டே விளக்கக்கூடிய விஷயமும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் பலருடைய வீட்டு வாசலில் இப்படி ஒரு பழைய வண்டி நிற்கிறது. அவர்களுக்கும் உதவலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துருவை நாமே எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். வெல்டிங்கை டிங்கரிடம் விட வேண்டும். ஸ்ப்ரே பெயிண்டைக் கடைக்கு விட வேண்டும். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். துருவை அவசரமாக நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, ஆசையோடு பெயிண்டில் இறங்குகிறோம். நானும் அப்படிச் செய்தவன்தான். அந்தக் கதையைச் சொல்லாமல் அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

என் கார் 1999-ல் வாங்கிய மாருதி 800. டிஎன் 69 பதிவு. ஆபீசில் கடன் போட்டு வாங்கிய முதல் கார். கடைசிக் காரும் அதுவாகத்தான் இருக்கும். 2011-ல் ஒருநாள் முன்பக்கம் இடது இருக்கையின் கீழே பாயைத் தூக்கிப் பார்த்தபோது, தரைத் தகட்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் ஓட்டை. கீழே வாசல் சிமெண்ட் தெரிந்தது. ஓட்டையைச் சுற்றி விரலால் அழுத்தினால் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கியது.

டிங்கரிடம் போகவில்லை. போனால் தகட்டை வெட்டி எடுத்து வெல்டு வைக்க வேண்டும் என்பார், இரண்டு மூன்று நாள் வண்டி நிற்கும், செலவு வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் டின் ஒன்றை வெட்டி, ஓட்டையின் மேல் வைத்து, நாலு ரிவெட் அடித்து, சுற்றிலும் ஒட்டுகிற பேஸ்ட்டைப் பூசி, அதன்மேல் பட்டி பார்த்து, கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிட்டது. செலவு இருநூறு ரூபாய்கூட இல்லை. மறுநாள் ஆபீசில் இதைப் பற்றிப் பெருமையாகப் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு பன்னிரண்டு வருடம். திருச்செந்தூருக்கு எத்தனை தடவை போனோம் என்று கணக்கில்லை. மகளைப் பிரசவத்துக்குப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனதும் அந்த வண்டியில்தான். இடது பக்க முன் இருக்கையில் எப்போதும் என் மனைவி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் ஊர்க்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. தாமிரபரணியும் உடைந்த குளங்களும் சேர்ந்து ஊருக்குள் வந்தன. எங்கள் தெருவில் காரின் இருக்கை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். நாலாம் நாள் வடிந்த பிறகு பார்த்தால், உள்ளே ஒரு சாண் சேறு. இஞ்சினை மெக்கானிக் ஒருவழியாகக் கழுவி ஓட வைத்துவிட்டார். பொங்கல் கழிந்து வண்டியைப் பார்த்த டிங்கர் தம்பிதான் இருக்கையைக் கழற்றி, ஸ்குரூ டிரைவரை எடுத்து என் ஒட்டுவேலையின்மேல் லேசாக ஒரு குத்துக் குத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

டின் தகட்டுக்கும் தரைக்கும் நடுவே இத்தனை வருடமாக ஈரம் தங்கியிருக்கிறது. நாணயம் அளவு ஓட்டை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஆகியிருந்தது. இருக்கையின் முன்பக்க போல்ட் ஒன்று பிடித்துக்கொண்டிருந்த தகடும் அதில் அடக்கம். மேலே பார்த்தால் மட்டும் கறுப்பாக, வழுவழுவென்று, ஒரு குறையும் இல்லை.

"யாரு அண்ணாச்சி இந்த வேலையைப் பண்ணுனது? ஒரு மோதல் மோதியிருந்தா சீட்டு பேந்து வந்துருக்கும்" என்றார் அவர். "முந்தி ஒரு கடையில குடுத்தேன்" என்று சொல்லிவிட்டேன். எழுபது வயதில் ஒரு பொய். வீட்டுக்கு வந்து மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "பன்னெண்டு வருசமா பெயிண்ட் மேலயா உக்காந்திருந்தேன்?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

துரு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எதை நாமே செய்யலாம் என்பதும் தெரிந்துவிடும். இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கசிவு, கடற்காற்றில் வந்து காரின் மடிப்புகளில் படிந்த உப்பிலும் நடக்கிறது. நம் தெருவில் மழையே பெய்யாவிட்டாலும் துரு வேலையை நிறுத்துவதில்லை. துருவுக்கு இரும்பைவிடக் கன அளவு அதிகம். அதனால்தான் பெயிண்ட் கொப்பளிக்கிறது. நாம் கொப்புளத்தைப் பார்க்கும்போது துரு பெயிண்டுக்கு அடியில் அதற்கு வெளியேயும் ஓடியிருக்கும்.

இன்னொன்று. மாருதி 800 போன்ற வண்டிகளுக்கு ஜீப்பைப்போலத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரை, ஃபுட்போர்டுக்கு அடியில் உள்ள பெட்டி, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்த தகட்டுக் கூடுதான் சேஸிஸ். ஆகவே தரையில் ஓட்டை என்றால் சேஸிஸில் ஓட்டை என்று பொருள். கதவின் அடியில் ஓட்டை என்றால் அது வெறும் கதவில் ஓட்டை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் 2011-ல் டின்னை வெட்டினேன்.

அதனால், பெயிண்ட் வாங்குவதற்கு முன்னால் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பேன்.

முதல் கேள்வி, துரு எங்கே இருக்கிறது? ஒரு ஸ்குரூ டிரைவரும் ஒரு சின்னக் காந்தமும் போதும். பாய்களையும் கார்ப்பெட்டையும் முழுக்கத் தூக்குங்கள். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். ஃபுட்போர்டு அடி, ஜாக்கி வைக்கும் இடம், பேட்டரித் தட்டு, முன் சக்கர ஷாக் அப்சார்பர் மேலே பிடிக்கும் இடம், பின் ஸ்பிரிங் உட்காரும் இடம், இருக்கை போல்ட், சீட் பெல்ட் போல்ட், இவை எல்லாவற்றையும் ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். கெட்டது பொத்தென்று சொல்லும். சந்தேகமான இடத்தில் நுனியால் அழுத்துங்கள், பயப்படாதீர்கள். அழுத்தினால் ஓட்டையாகும் தகடு ஏற்கெனவே ஓட்டைதான். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வெளிப்பக்கம் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் கனமாகப் பட்டி இருக்கிறது. பழைய வண்டி வாங்கியவர்களுக்கு அங்கே சில ஆச்சரியங்கள் காத்திருக்கும்.

மேல்தோல் துரு என்றால் நாமே பார்க்கலாம். கூட்டில் ஓட்டை என்றால் வெட்டிப் புதுத்தகடு வைத்து வெல்டு செய்ய வேண்டும். பட்டி, ஃபைபர், டின் எதுவும் அங்கே உதவாது. இரண்டு பக்க ஃபுட்போர்டுப் பெட்டிகளும், ஷாக் அப்சார்பர் பிடிக்கும் இடமும் சேர்ந்து போயிருந்தால், கும்பிடு போட்டுவிட்டுப் பழைய இரும்புக்கு அனுப்புவதே மரியாதை.

இரண்டாவது கேள்வி, எதற்காகச் செய்கிறோம்? விற்பதற்காக என்றால் தயவுசெய்து பெயிண்ட் அடிக்காதீர்கள். துருவோடு காட்டி, துருவுக்குரிய விலையைச் சொல்லி விற்றுவிடுங்கள். துருவின் மேல் புதுப் பெயிண்ட் அடித்து விற்பதை நம் ஊரில் யாரும் தப்பாகவே நினைப்பதில்லை. "பளபளன்னு இருந்தாத்தான் பத்து ரூவா கூடும்" என்பார்கள். அதை வாங்கிக் குடும்பத்தோடு ஏறுகிறவனுக்கு அடியில் இருப்பது தெரியாது. என் மனைவிக்குத் தெரியாத மாதிரி. நாமே ஓட்டுவதற்கு என்றால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

மூன்றாவது கேள்வி, நம்மிடம் என்ன இருக்கிறது? ஓய்வு பெற்றவர்களிடம் பணத்தைவிட நேரம் அதிகம். துருவை எடுப்பதற்குத் தேவைப்படுவது அதுதான். ஸ்ப்ரே பெயிண்டுக்குத் தேவைப்படுவது கம்ப்ரசர், கன், தூசியில்லாத இடம், ஈரமில்லாத காற்று, பழகிய கை, நல்ல நுரையீரல். இதில் எத்தனை நம்மிடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் துறைமுகத்தில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன். கிரேனும் கேட்டும் கப்பல் கட்டும் இரும்புத் தூண்களும் கடற்காற்றில் நிற்பவை. வருடம் முழுவதும் எங்காவது ஒரு மூலையில் துரு எடுத்துப் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருப்பார்கள். பெயிண்ட் அடித்த நாள்களைவிடச் சுத்தியால் கொத்தி, வயர் பிரஷ்ஷால் தேய்த்த நாள்கள்தான் அதிகம். என் கையால் பதிவேட்டில் எழுதி பிரஷ்ஷும் எமரியும் ரெட் ஆக்சைடும் கொடுத்தவன் நான். அவ்வளவையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து டின்னை வெட்டினேன் என்றால், கண்ணால் பார்ப்பது வேறு, புத்தியில் ஏறுவது வேறு என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைக்காரர் துருவை முழுசாக எடுக்க மாட்டாரா என்று கேட்பீர்கள். எடுக்கிற நல்ல கடைகளும் இருக்கலாம். ஆனால் அவர் நிலையிலிருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு கதவின் அடி மடிப்பைப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்ய எனக்கு ஒரு முழுநாள் ஆனது. அந்த ஒரு நாள் கூலியை எந்த வாடிக்கையாளர் கொடுப்பார்? நாம் பேரம் பேசிக் குறைத்த பணம் எங்கே குறைகிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத அந்த வேலையில்தான். மேலே பளபளப்பு குறைந்தால் நாம் சண்டைக்குப் போவோம். அடியில் துரு இருந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. ஆகவே கூலி கொடுத்து வாங்க முடியாத பொறுமையை நாம் போட வேண்டும்.

நான் செய்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் இருக்கை, கார்ப்பெட், அதன் அடியில் உள்ள ஃபெல்ட் எல்லாவற்றையும் எடுத்தேன். வெள்ளம் வடிந்து ஒரு மாதம் கழித்தும் ஃபெல்ட்டைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. அதை வெயிலில் காய வைத்துத் திரும்பப் போட நினைக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். கதவடியிலும் ஃபுட்போர்டு அடியிலும் தண்ணீர் வடிவதற்குச் சின்னத் துளைகள் உண்டு. எல்லாம் சேற்றால் அடைபட்டிருந்தன. ஒரு கம்பியால் குத்தித் திறந்தேன்.

பிறகு கழுவுதல். இதில் நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை. எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. அதில் வாரம் ஒருமுறை காரைக் கழுவிக் கழுவித்தான் இருபது வருடம் பாதித் துருவை வளர்த்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரைப் பிடித்து வைத்து மூன்று தடவை கழுவினேன். பெயிண்டுக்கு அடியில் உப்பு தங்கினால் எந்தப் பெயிண்டும் கொஞ்ச நாளில் கொப்பளிக்கும். கழுவி மூன்று நாள் வெயிலில் கதவுகளைத் திறந்து போட்டேன்.

அதன்பின் டிங்கர் வேலை. பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கி வைத்துவிட்டுத்தான் அவர் வெல்டிங் வைத்தார். இதைச் செய்யாமல் நெருப்பு வைக்க வருகிறவரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். கெட்ட தகட்டை நல்ல தகடு வரும்வரை வெட்டி, 20 கேஜ் தகடு வைத்து, சிஓடூ வெல்டிங் போட்டார். பட்டி வைக்கும் முன் நான் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். இருக்கை போல்ட் இருந்த இடத்தில் இரட்டைத் தகடு வைக்கச் சொன்னேன். அதை அவரே முன்பே யோசித்து வைத்திருந்தார்.

மற்ற இடங்களில் என் வேலை. சுரண்டி, வயர் பிரஷ், பிறகு உப்புத்தாள். கிரைண்டரில் கிண்ண பிரஷ் மாட்டினால் வேகம்தான், ஆனால் கம்பி தெறிக்கும், கண்ணாடி போடாமல் தொடக்கூடாது. பழைய பெயிண்ட் தூசியில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதனால் பெயிண்ட் உள்ள இடங்களை ஈரத்தாளால்தான் தேய்த்தேன், முகமூடியும் போட்டுக்கொண்டேன். கொப்புளத்தோடு நிறுத்தாமல் சுற்றிலும் நல்ல பெயிண்ட் வரும்வரை போக வேண்டும். அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்த இடங்களில் துருவின் வேர் இருக்கும். அதற்குத் துருவை மாற்றும் மருந்து பூசினேன். டானிக் அமிலம் கலந்த மருந்து துருவோடு சேர்ந்து கறுத்துவிடும். கடுக்காய்ச் சாறு இரும்புச் சட்டியில் கறுப்பது இதே வேதியியல்தான். ஆனால் இது குழிகளுக்கான மருந்து. செதில் செதிலாக இருக்கும் துருவின் மேல் பூசினால் செதிலோடு சேர்ந்து உதிர்ந்துவிடும்.

இரும்பு வெள்ளையாகத் தெரிந்த இடத்தை அன்று இரவு அப்படியே விடக்கூடாது. நம் கடற்காற்றில் காலையில் பார்த்தால் செம்மஞ்சளாகப் பூத்திருக்கும். அதனால் ஒரு நாளைக்கு எவ்வளவு பிரைமர் பூச முடியுமோ அவ்வளவு இடத்தை மட்டும்தான் திறந்தேன். கையுறை போட்டு, எபாக்சி பிரைமரை பிரஷ்ஷாலேயே இரண்டு கை பூசினேன். பட்டி அதன் மேல்தான், அதுவும் மெல்லிசாக. பட்டி ஈரத்தை உறிஞ்சும். வெறும் இரும்பின் மேல் அதை அப்பினால் ஈரப்பஞ்சைக் கட்டிவைத்த மாதிரி. தை கடைசியில் ஆரம்பித்தது, பங்குனி பாதியில் முடிந்தது. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் முதுகு ஒத்துழைக்கவில்லை.

இனி ஸ்ப்ரே. இங்கேதான் நண்பரோடு எனக்குச் சண்டை.

டப்பா பெயிண்டை ஒரு உள்ளங்கை அளவு இடத்துக்கு அடிக்கலாம். கதவின் கீழ்விளிம்பு, பம்பர் மூலை இந்த மாதிரி. அதைவிடப் பெரிய இடத்தில் பட்டை பட்டையாகத் தெரியும், பெட்ரோல் சிந்தினால் பெரும்பாலும் கரைந்தும் போகும். முழு வண்டிக்கும் இப்போது கடைகளில் அடிப்பது ஹார்டனர் கலக்கும் டூ-கே பெயிண்ட். நல்ல பெயிண்ட்தான், வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அது பனிமூட்டமாகக் காற்றில் கலந்து மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே இழுக்கும். கெடுதல் செய்யும் அளவுக்குக் காற்றில் இருந்தாலும் மூக்குக்கு வாசனை தெரியாது. கைக்குட்டையும் கொரோனா முகமூடியும் இதற்குத் தடுப்பே இல்லை. வெளியிலிருந்து சுத்தமான காற்று குழாயில் வரும் முகமூடி போட்டு, காற்றை இழுத்து வடிகட்டும் அறையில் அடிக்க வேண்டிய சரக்கு இது. இதைப் போர்டிகோவில் நின்று அடித்தால் நமக்கு மட்டுமல்ல, மாடியில் துணி காயப்போடும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் போகும்.

"அப்ப கடையில அடிக்கிறவனுக்கு மட்டும் நுரையீரல் இல்லையா?" என்று நீங்கள் கேட்க வேண்டும். எனக்கும் அது உறுத்தியது. முதலில் விலை கேட்டுப் போன ஷெட்டில், இருபது வயதுகூட இருக்காத பையன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தான். கண்ணெல்லாம் சிவப்பு. அங்கே விலை குறைவு. நானே அடிக்கப் பயப்படுகிற விஷத்தை, கொஞ்சம் பணம் மிச்சம் என்று அந்தப் பையனிடம் தள்ளுவது எந்த நியாயம்? பெயிண்ட் பூத் உள்ள இன்னொரு கடைக்குப் போனேன். ஒன்பதாயிரம் ரூபாய் அதிகம் கேட்டார்கள். பூத்தையும் காற்றுக்குழாய் முகமூடியையும் கண்ணால் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுத்தேன். கடை தேடுகிறவர்கள் எல்லாரும் இதையும் ஒரு கேள்வியாகக் கேட்டால், கைக்குட்டை ஷெட்டுகளும் மாறும் என்பது என் நம்பிக்கை.

நிறத்தை மாற்றவில்லை. அதே வெள்ளைதான். மாற்றினால் ஆர்சி புத்தகத்திலும் மாற்ற அலைய வேண்டும். தவிர, வெள்ளை வண்டியில் அடுத்த துரு சீக்கிரம் கண்ணில் படும்.

இப்போது கணக்கு. டிங்கருக்கு 14,000. பெயிண்டுக்கு 32,000. என் சாமான்கள் 4,500. ஆக மொத்தம் 50,500 ரூபாய். இது போக, ஜூனில் பதிவு புதுப்பிக்க வேண்டியிருந்தது. பதினைந்து வயது தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலிலிருந்து 600-லிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. இவ்வளவும் போட்ட வண்டியை இன்று விற்றால் 35,000-க்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

"அப்பா, இந்தப் பணத்தோட கொஞ்சம் சேத்தா நல்ல செகண்ட் ஹாண்ட் வண்டி வாங்கலாமே" என்றான் மகன். கணக்குப்படி அவன் சொல்வதுதான் சரி. காற்றுப்பை இல்லாத பழைய வண்டி என்றும் சொன்னான். அதுவும் சரி. ஆகவே பணம் மிச்சம் பிடிக்க யாராவது இந்த வேலையில் இறங்கினால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "செகண்ட் ஹாண்ட் வண்டிக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுடா. இதுக்கு அடியில இருக்கறது இப்ப எனக்கு ஒவ்வொரு அங்குலமும் தெரியும்." நாங்கள் இப்போது ஊரைத் தாண்டுவதில்லை. ஆஸ்பத்திரி, கோவில், மார்க்கெட், நாற்பது கிலோமீட்டர் வேகம். அதற்கு அது போதும். இதை அவன் முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. வெளியூர் போக வாடகைக் கார் எடுப்பதாக ஒப்பந்தம்.

ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. தரை பத்திரமாக இருக்கிறது. பின்பக்கம் வலது சக்கர வளைவின் உள்விளிம்பில் மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கொப்புளம் மறுபடி வந்தது. மாசி மாதத்தில் ஒருநாள் முதுகுவலியால் அந்த இடத்தை "போதும்" என்று விட்டேன். எந்த நாள் என்றுகூடச் சொல்வேன். சுரண்டிப் பிரைமர் வைத்து, சின்ன டப்பாவால் தொட்டுவிட்டேன். டிங்கர் தம்பியிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன், அந்த டின் வேலை என்னுடையதுதான் என்று. "அன்னிக்கே தெரியும் அண்ணாச்சி, கடைக்காரன் ரிவெட்டு இப்படிக் கோணலா அடிக்கமாட்டான்" என்றார்.

நண்பரிடம் டப்பாக்களை ஓரமாக வைத்துவிட்டு முதலில் பாயைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். நேற்று போன் செய்தார். தரை, ஃபுட்போர்டு, போல்ட் இருக்கும் இடங்கள் எல்லாம் கணீரென்று சொல்கிறதாம். கதவடியும் சக்கர வளைவும் மட்டும்தான் துரு. அப்படியென்றால் அவர் தாராளமாக இறங்கலாம். இரண்டு டப்பா போதும், மீதி ஆறையும் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வயர் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன். ஒரு கதவுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் நாலு வாரம் ஆகும். நம் இருவருக்கும் வேறு என்ன வேலை இருக்கிறது?